நூல்மரத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ஆட்கள் என் மரத்தை வெட்டிவிட்டார்களாமே. அது ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கல்யாணமான வருஷம் நட்டது. ஹியோகு ஹிபா. ஒற்றைச் சிறகோடு பிறந்து, ஜோடி சேர்ந்தால்தான் பறக்க முடிகிற பறவைகளின் பெயர் அதற்கு. இலையெல்லாம் பச்சை நூலாகத் தொங்கும். இரும்பு ஆகாது, கத்தரி பட்டால் நுனி கருகிவிடும். விரலால் கிள்ளித்தான் அடக்கி வளர்க்க வேண்டும். தினம் கொஞ்சம் கிள்ளினால் மரத்துக்கே தெரியாது.

என் மனைவி சுமியேவையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. முதலில் பாட்டு வகுப்பு வேண்டாமே என்றேன். பிறகு கடைத்தெரு. பிறகு செண்டாயில் இருக்கும் அவள் அக்காவோடு போன் பேச்சு. எல்லாம் சிரித்த முகமாகத்தான். ஆனாலும் ஒரு வசந்த காலத்தில் பெட்டி கட்டிவிட்டாள்.

“அக்கா வீட்டுக்குப் போறேன். என்னைத் தேடாதீங்க,” என்றாள்.

கோபம் ஆறட்டும் என்று தோட்டத்து மரக்கிடங்கில் இருக்க வைத்தேன். மெத்தை போட்டேன். வேளை தவறாமல் சோறும் மிசோ சூப்பும் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே பூட்டினேன். கிடங்கின் ஜன்னல் வெளியே தெரியாமலிருக்க, அதற்கு முன்னால் நின்ற அந்த மரத்தைக் கிள்ளுவதை நிறுத்தினேன். நூல்கள் தரைவரை இறங்கின. பக்கத்து வீட்டு ஓடாகே அம்மாள் வேலிமேல் எட்டிப் பார்த்து, “என்ன நோசகா-சான், சம்சாரம் ஊருக்குப் போனதும் மரத்துக்கு முடி வெட்டக்கூட ஆளில்லையா?” என்று கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரியில் பெரும்பனி கொட்டியது. மரக்கிடங்கில் அடுப்பு வைக்கப் பயம். தீப்பிடித்தால் அவள் கதி என்ன ஆவது? காலையில் மூங்கில் கழியோடு போய்க் கிளைகளைத் தட்டிப் பனியை உதறினேன். ஈரப்பனி கனம், முறிந்த இடம் திரும்பத் தழையாது.

உள்ளேயிருந்து அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “கென்ஜிரோ-சான், குளிருது. கதவைத் திறங்க.”

திறந்தால் மறுபடி பெட்டியைத் தூக்குவாள். நான் வேலையைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் மரம் தப்பிவிட்டது. அதற்கு முன்பே சத்தம் நின்றிருந்தது. போய்ப் பார்க்கவில்லை.

ஆம், நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை குளிரிலும் அவள் அக்காவைக் கூப்பிடவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவளையும் கூப்பிடவில்லை. கடைசிவரை என் பெயரைத்தான் சொன்னாள். என்னை விட்டுப் போக நினைத்தவள் அப்படிக் கூப்பிடுவாளா, ஐயா?