உறைமோரும் ஓர் உரிமமும்

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர், வழக்கறிஞர் ஞானசம்பந்தன் அவர்களே, பாபநாசத்து மலைக்காற்றை விட்டுவிட்டு விக்கிரமசிங்கபுரத்து மின்விசிறிக்கு அடியில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பாலுக்கு உறை ஊற்றிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கணினிக் கண்மணிகளே, வணக்கம்!

அந்த உறையிலிருந்தே தொடங்குகிறேன். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிறீர்கள். "தயிரைச் சாப்பிடு, கடை, விருந்துக்கு ஊற்று, தயிர்க்கடை மட்டும் போடாதே" என்று சொல்லிக் கொடுத்தால்? என்ன அண்ணாச்சி, "எவன்வே அப்படிச் சொல்லுதான்?" என்றா கேட்கிறீர்கள்? ஒரு கம்பைலர் நிறுவனம் சொல்கிறது ஐயா!

மனிதர் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றுவது கம்பைலர். இன்றைய விழா நாயகி, நம் ராஜராஜேஸ்வரி, வயல் மோட்டாரை இயக்கும் சின்னஞ்சிறு கணினிச் சில்லுகளுக்காகப் புதிய கம்பைலர் ஒன்றை உருவாக்கினார். கம்பைலரை உருவாக்கவும் ஒரு கம்பைலர் வேண்டுமே! விலைக்கு வாங்கினார். திரையில் உரிமம் விரிந்தது, படிக்காமலே "சம்மதம்" என்று அமுக்கினார். சிரிக்காதீர்கள், நீங்களும் அமுக்கியவர்கள்தான்!

வெளியீட்டுக்கு முதல் நாள், கூட்டாளி வன்னியராஜ் அதைப் படித்துத் தொலைத்தார். இதைக் கொண்டு இதற்குப் போட்டியான கருவியை உருவாக்கலாகாதாம்!

"யாருக்குக்கா தெரியப்போவுது? எதுல செஞ்சோம்னு அது முகத்துலயா எழுதியிருக்கு?"

"நமக்குத் தெரியுதுல்லா தம்பி. சம்மதம்னு சொன்னது நாமதான."

வெளியீடு நின்றது. தடையேதும் இல்லாத இலவசக் கம்பைலரைக் கொண்டு மறுபடி தொடங்கினார். பிழை மேல் பிழை! பழையது கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் புதியது பிடித்துக்கொண்டது. அழுதார், திருத்தினார். பிறகு, அப்படி வந்த தம் கம்பைலரைக் கொண்டே தம் கம்பைலரின் நிரலை மீண்டும் எண்களாக்கினார். விலைக்கு வாங்கியதைக் கொண்டு முன்பு உருவானதையும் அப்படியே செய்து, இரண்டையும் ஒப்பிட்டார். எண்ணுக்கு எண் ஒன்று! இம்மியும் பிசகவில்லை!

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? எண்ணிலா? எழுத்திலா? எந்திரத்திலா? அமுக்கிய விரலிலா? தலைவரிடம் கேட்டேன். "கோர்ட்டுக்குப் போனாத்தான் தெரியும்வே" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது.

ராஜராஜேஸ்வரி பழைய வழியில் உருவானதை அழித்துவிட்டார். புதியதை இன்று வெளியிடுகிறார். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உரிமத்தை, அதற்கு அவர் எழுதியதை, முழுவதும் படித்தேன். அதன் கடைசி வரி: "இதைக் கொண்டு இதையே வெல்லும் கம்பைலரை உருவாக்குங்கள். முடித்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்."

போட்டிக்கு வருவோரே, வருக! பொறுமையாய்க் கேட்டோர்க்கு நன்றி. தாய்மார்களே, தயிர் உறைந்திருக்கும். பைய வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!