மஞ்சள் உள்ளங்கை

ரோஸி: கையை மூடாத. வெளிச்சத்துல காட்டு.

சுந்தர்சிங்: டாக்டரே சொல்லிட்டாரே ரோஸி… காமாலை இல்ல, ஈரல் நல்லா கீதுன்னு.

ரோஸி: அப்ப உள்ளங்கை ஏன்யா இப்டி மஞ்சளா கீது? "கேரட் நெறைய சாப்புடுவாரா"ன்னு கேட்டாரு. நான் இல்லன்னேன். நீ மேல ஃபேனைப் பாத்த.

சுந்தர்சிங்: வூட்டுக்குப் போற பம்மல் ஆட்டோ வருது பாரு…

ரோஸி: போவட்டும். சொல்லு.

சுந்தர்சிங்: கம்பெனில துன்றேன். அரை கிலோ.

ரோஸி: வாரத்துக்கா?

சுந்தர்சிங்: தெனமும்.

ரோஸி: குதிரையாய்யா நீ?

சுந்தர்சிங்: சிரிக்காத. போன மாசம் ஒரு இரும்பு கேட்டுக்கு அவசரமா வெல்டிங் வெச்சேன். மூஞ்சிக்கு ஷீல்டு மாட்டல. மறுநாள்லேர்ந்து நடுக்கண்ணுல கருப்பா ஒரு புள்ளி. உன் மூஞ்சியப் பாத்தா மூக்கு இருக்காது.

ரோஸி: ஏசப்பா! ஏன்யா சொல்லல?

சுந்தர்சிங்: சொன்னா நீ சோறு துன்னுவியா? கண்ணு போனா வெல்டருக்கு பொழப்பு ஏது… கேரட் கண்ணுக்கு நல்லதுன்னாங்க, துன்னுக்கினே இருந்தேன். இன்னிக்கு காலையில தாம்பரத்துல கண் டாக்டர் ஸ்கேன் எடுத்தாரு. விழித்திரை ஆறிடுச்சாம். புள்ளியும் போச்சு.

ரோஸி: மூக்கு தெரியுதா?

சுந்தர்சிங்: தெரியுது. செவந்து கீது.

ரோஸி: கேரட்டாலயா ஆறுச்சு?

சுந்தர்சிங்: அதக் கேட்டுத்தான் அவர் சிரிச்சாரு! தானா ஆறுச்சாம். விழித்திரை நடுவுல ஒரு மஞ்சள் சாயம் கீதாம், கூசுற வெளிச்சத்த வடிகட்டுமாம். அதுக்கு கீரை, முட்ட மஞ்சக்கரு துன்னணுமாம்.

ரோஸி: முருங்கக்கீரைய தட்டு ஓரத்துல ஒதுக்குற ஆளு நீ!

சுந்தர்சிங்: இனிமே ஒதுக்கல. ஆனா எந்தக் கீரையும் ஷீல்டு ஆவாதுன்னு திட்டித்தான் அனுப்புனாரு… ஏய், இன்னா இப்ப அழுவுற?

ரோஸி: நான் வேற நெனச்சேன்யா… நீ மறுபடி குடிக்கற, ஈரல் போயிடுச்சுன்னு…

சுந்தர்சிங்: நானா? தொட்டு ரெண்டு வருசமாச்சு! …இரு இரு. மூணு வாரமா சர்ச்ல சுவிசேஷமுத்து அண்ணன் என்னைக் கட்டிப் புடிச்சி புடிச்சி மோந்து பாக்குறாரே…

ரோஸி: நீ குடிய வுடணும்னு ஜெபப் பெட்டியில சீட்டு எழுதிப் போட்டேன். பெட்டிய தொறக்குறது அவர்தானே.

சுந்தர்சிங்: பேரு போட்டா?

ரோஸி: உன் பேரு போட்டுத்தான். பேரு போட்ட சீட்ட சபையில படிக்க மாட்டாங்கல்ல. மன்னிச்சிடுய்யா… ஞாயித்துக்கெழம நானே அவர்கிட்ட சொல்லிடறேன். கோவமா?

சுந்தர்சிங்: போன ஞாயிறு சர்ச்ல ஒரு சீட்டு படிச்சாங்களே, பேர் போடாத ஒரு சகோதரனோட கண்ணுக்காகன்னு…

ரோஸி: ஆமா, பாவம். யார் பெத்த புள்ளையோ. ஜெபம் முடிஞ்சும் என்னால எழுந்திருக்கவே முடியல.

சுந்தர்சிங்: எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க, நீ மட்டும் முட்டி போட்டு அழுதுக்கினு இருந்த. தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கினு இருந்தேன்டி… அது நான் போட்ட சீட்டு.