தலைகீழாய் நின்ற மனிதன்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இளையவர் ஓவியக் காட்சிசாலையில் படம் மாட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“அண்ணை, தலைகீழாய் நிண்ட மனிசனை நேராக்கிப்போட்டன். அதுதான் வந்த வினை.”

“எந்த மனிசனை?”

“படத்தில நிண்டவனை. ஒரு ஜெர்மன்காரர் கீறினது. பெயின்றை அள்ளி அப்பி, கோடாலியால கொத்தின மாதிரி முகம். பின்பக்கத்தில எது மேல்பக்கம் எண்டு அம்புக்குறி இருந்தது. ஆரோ பிழையாய்ப் போட்டிட்டினம் எண்டு, கால் கீழ வரத் திருப்பி மாட்டினன்.”

“பிறகு?”

“மனேஜர் கண்டிட்டார். வேலை போச்சு, என்ர மனிசியைக் கொழும்பிலயிருந்து கூப்பிட விசாவுக்குக் கேட்ட வேலைக் கடிதமும் போச்சு எண்டு நடுங்கினன். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அந்த ஜெர்மன்காரர் சண்டையில இடிஞ்ச ஊரைப் பாத்து வளந்தவராம். கீறுறதே தலைகீழாய்த்தானாம். வந்த புதுசில மனேஜரும் நேராக்கினவராம்.”

“அப்ப கடிதம்?”

“இஞ்ச பாருங்கோ, கையெழுத்து வைச்சுத் தந்திட்டார்.”

தாள் சரசரத்தது.

“அண்ணை, கடிதத்தைத் தலைகீழாய்ப் பிடிச்சிருக்கிறியள்.”

“பொறடா. இனி எதையும் நேராக்க எனக்கும் பயமாய்க் கிடக்கு.”