நடுவில் இருந்த நிலையம்

ஈரக் கையோடு ரேடியோவைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இசோபேயைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்கு முதலில் அதுதான் வாயில் வருகிறது. உப்பில் ஊறவைத்த கணவாய் விற்கிறவர். கடையைப் பூட்டிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு வருவார். அந்தக் கையாலேயே குமிழைத் திருகுவார். அவர் போனதும் நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பேன். அப்போதும் அந்த நாற்றம் போகாது.

டீ ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

புயல் வந்து கரண்டும் போனும் போய்விட்டால் எங்கள் தீபகற்பத்துக்குச் சிற்றலை ரேடியோதான் கதி. அதில் எழுத்துச் செய்தி அனுப்ப இரண்டு வழி உண்டு. என்னுடையது தபால் வழி. புயல் தொடாத ஏதோ ஒரு நகரத்து நிலையத்தை நேரே பிடிக்கும், கடைசி எழுத்துவரை அது வாங்கிக்கொண்டதா என்று பார்க்கும், பிறகு இமெயிலாகப் போய்விடும். நடுவில் மனுஷக் கை படாது. இசோபேயுடையது கைமாற்று வழி. பக்கத்து நிலையம் வாங்கி வைத்து, அடுத்த நிலையத்துக்குத் தள்ள வேண்டும். இரைச்சலுக்கடியில் முனகுகிற சிக்னலே போதும், சின்ன பேட்டரியில் ஓடும். அதை நான் மறுக்கவில்லை.

எதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி நகராட்சி எங்களைக் கேட்டது. கோடை முழுக்க நான்தான் சோதித்தேன், வேறு யார் செய்வார்கள். முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு இசோபே கணவாய் ஜாடியோடு வந்து எல்லோருக்கும் தின்னக் கொடுத்தார்.

"நுகாகா சானோட மெயிலு ஸ்டேஷனப் பிடிக்கிறதுக்குள்ள நாமெல்லாம் கருவாடாயிடுவோம்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சங்கத் தலைவி தொனோமுராவும் விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தார்.

"நடுவுல இருக்கறவர் 'கிடைச்சுது'ன்னு சொல்லிட்டு அனுப்பாம விட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நடுவுல உக்காரப்போறதே நீங்கதானே. மேட்டு மேல உங்க வீடுதான் இருக்கு" என்றார் இசோபே. "நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன பயம், நுகாகா சான்?"

பிசுபிசுத்த கைகளைத் தூக்கியே ஓட்டுப் போட்டார்கள். கைமாற்று வழி ஜெயித்தது.

இலையுதிர்காலப் புயலில் மலை சரிந்து இசோபேயின் கிராமத்துக்குப் போகிற சாலை மூடிப்போனது. அங்கிருந்து வந்த செய்தியெல்லாம் என் வழியாகத்தான் நகராட்சிக்குப் போனது. ஒரு குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டார்கள், உடனே தள்ளினேன். போர்வை கேட்டதையும் தள்ளினேன். என்னை ராட்சசன் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் இசோபேயின் செய்தி வந்தது: 'சிசுருவுக்கு ஆக்சிஜன் நாளை மதியம்வரைதான் வரும். சிலிண்டர் வேண்டும்.'

சிசுரு அவருடைய மனைவி. நுரையீரல் கெட்டவர். நல்ல பெண்மணி, கையைக் கழுவிவிட்டுத்தான் எதையும் தொடுவார். என் நிலையம் தானாகவே 'கிடைத்தது' என்று பதில் சொன்னது. பேட்டரியை மிச்சம் பிடிக்க இசோபே ரேடியோவை அணைத்துவிட்டார். நான் அந்த ஒரு செய்தியை மட்டும் தள்ளவில்லை.

ஏன் அதை என்றுதானே கேட்கப்போகிறீர்கள். போர்வை போய்ச் சேராவிட்டால் யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். சோதனை என்றால் விளைவு சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

சாயங்காலம் மறுபடி கேட்டார்: 'நகராட்சியிலிருந்து ஏதாவது வந்ததா?' 'இன்னும் பதில் இல்லை' என்று அடித்தேன். அது பொய்யில்லை. எனக்கு ஒரு கஷ்டமும் இருந்தது, என் தபால் வழியில் அன்று நல்ல சிக்னல். நினைத்திருந்தால் அதிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒன்றின் செய்தியை இன்னொன்றில் ஏற்றினால் ஒப்பீடு கெட்டுப்போகும் இல்லையா?

மறுநாள் சாயங்காலம் பால் பவுடரோடும் போர்வையோடும் ஹெலிகாப்டர் அங்கே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் இசோபே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு எனக்குப் பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். கை ஈரமாயிருந்தது. கணவாயா கண்ணீரா தெரியவில்லை. வாசல் குழாயில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன்.

யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, இன்ஸ்பெக்டர். அடுத்த சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து என் சோதனையின் முடிவைச் சொன்னேன். அவர்கள் பாராட்டியிருக்க வேண்டாம், அதைக் குறிப்பேட்டிலாவது எழுதிவைத்திருக்கலாம். தொனோமுரா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இசோபே உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

கையெழுத்துப் போடுகிறேன், செய்தியை நிறுத்தியது நான்தான். ஆனால் நகராட்சிக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அந்தக் கைமாற்று வழி ஆபத்தானது. நடுவில் எப்பேர்ப்பட்ட ஆள் வந்து உட்காருவான் என்று யாருக்குத் தெரியும்?