பெட்டகத்துக்குள் ஒரு மூச்சு

அரங்கில் இருமல் கேட்டால் அந்தக் கொள்ளைப் படம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடம் ஒலிப்பதிவு செய்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

திட்டம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் சரி, பெட்டகத்துக்குள் போனவன் வெளியே வருவானா என்ற பயம் இல்லையென்றால் படம் தேறாது. பயம் வந்துவிட்டால் பார்க்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், இருமமாட்டான். அந்தப் பயம் நடிகனின் முகத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது.

எங்கள் இயக்குநரின் முந்தைய கொள்ளைப் படத்தில் மூச்சை டப்பிங்கில் சேர்த்தோம். முதல் நாள், முதல் காட்சி. பெட்டகக் கதவு மூடியதும் அரங்கம் முழுக்க இருமல். பின் வரிசையில் ஒருவன், "நாலு மாடி ஏறுன மாதிரி மூச்சு வாங்குறானே" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அது டப்பிங் அறையில் நான் விட்ட மூச்சு.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "உங்க குறட்டையைப் போட்டிருந்தா பெட்டகம் தானாவே திறந்திருக்கும் மாமா" என்றான். நானும் சிரித்தேன். மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாலு வருடம் வாய்ப்புக்காக அலைந்த அவனுக்கு அடுத்த படத்தில் வேடம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். பெட்டகத்துக்குள் தனியாக மாட்டிக்கொள்ளும் திருடன். நல்ல வேடம்.

பெட்டகத்தை இரும்புத் தகட்டில் கட்டியிருந்தார்கள். உள்ளே அவன், ஆளில்லாமல் ஓடும் ஒரு கேமரா, என் மைக். கதவைச் சாத்தினால் உள்ளிருந்து திறக்க முடியாது, உள்ளே கத்துவது வெளியே கேட்காது. புகைக்காக ஒரு தொட்டியில் வெந்நீரும் உலர் பனிக்கட்டியும். அந்தப் புகை நிரம்ப நிரம்ப நல்ல காற்று குறையும் என்பதால் கலை இயக்குநர் பின்பக்கம் ஒரு விசிறி வைத்திருந்தார். அதன் இரைச்சல் பதிவில் விழுந்தது. நிறுத்தச் சொன்னேன். ஒலிப்பதிவாளன் விசிறியை நிறுத்தச் சொல்வது எங்கள் தொழிலில் அன்றாடம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கலை இயக்குநர் மட்டும், "ரெண்டு நிமிஷம்தான் சார், அதுக்கு மேல வேணாம்" என்றார்.

ஹெட்போன் என்னிடம் மட்டும் இருந்தது. என் கட்டைவிரல் உயர்ந்திருக்கும்வரை உள்ளே எல்லாம் சரி. இறக்கினால் கதவைத் திறப்பார்கள். அதுதான் ஏற்பாடு. உள்ளே போகும்போது மைத்துனன் என் தோளைத் தட்டினான். "நடுவுல மூக்கைச் சொறிய விரலை எறக்கிடாதீங்க மாமா. நல்லா நடிச்சிக்கிட்டிருப்பேன்."

முதல் நிமிடம் சுமாராக நடித்தான். இரண்டாவது நிமிடத்தில் வசனம் நின்றது. அதன்பிறகு வந்ததைப் போன்ற மூச்சை என் தொழில் வாழ்க்கையில் கேட்டதில்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார். விரல் உயர்ந்தே இருந்தது. கலை இயக்குநர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மறு கையின் விரலை உதட்டில் வைத்தேன். பதிவு ஓடும்போது அதற்கு மறுபேச்சு கிடையாது. மொத்தம் ஐந்தரை நிமிடம். கடைசி அரை நிமிடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அமைதியும் தேவைப்படும் என்று விட்டுவைத்தேன்.

நீங்கள் விசாரித்து, விபத்து என்று வழக்கை முடித்தீர்கள். வேறொரு நடிகனை வைத்துக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். முகம் புதியவனுடையது, மூச்சை அன்றைய பதிவிலிருந்து நான் சேர்த்தேன். யாருடைய மூச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று அரங்குகளில் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் யாரும் இருமுவதில்லை. என் மனைவி மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அவளுக்குச் சினிமாவில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை.

அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன் என அன்று உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முழுப் பதிவில் பதினோரு முறை, "மாமா, கதவைத் திறங்க" என்கிறான். பதினோரு முறையும் தெளிவாகக் கேட்டது. கதைப்படி அந்தத் திருடனுக்கு உறவென்று யாரும் இல்லை. அதனால் படத்தில் அந்தப் பதினோரு இடங்களையும் வெட்டிவிட்டேன்.

மூச்சில் கை வைக்கவில்லை. அவன் நடிப்பை நான் கெடுத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.