தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

எந்திரிக்கிறேன்ம்மா, எந்திரிக்கிறேன். கயிறு கட்டியிருக்கு, பாத்தேன். பாத்துட்டுத்தான் தாண்டி வந்து உக்காந்தேன். முட்டி வலிம்மா. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின முட்டி. கிளட்சை மிதிச்சு மிதிச்சு இடது கால் போச்சு. நாற்காலியைப் பாத்தா அது தானா மடங்கிக்குது, நான் என்ன பண்ண.

என்னது, புள்ளைங்களுக்குக் கதை எழுதின அந்தக் 'கதை அத்தை' உக்காந்து எழுதின நாற்காலியா இது? சரி, நீங்க சொன்னா சரிதான். கழுத்துல அடையாள அட்டை போட்டுக்கிட்டு இந்த வீட்டையே பாத்துக்கறவங்க நீங்க. நாலு காலும் ஒழுங்கா இருக்கேன்னு பாத்தேன், அவ்வளவுதான்.

போறேன் போறேன். என்கூட டிக்கெட் வாங்கினவங்க எல்லாம் முற்றத்துல கோழிகிட்ட போயாச்சு, தெரியும். யானைக்குட்டி சைசுல ஒரு சிமெண்ட் கோழி. அவங்க கதையில எல்லாக் கதவையும் மூக்காலயே திறக்குமே, அந்தக் கோழி. அது முதுகுல ஏறி உக்காந்து புள்ளைங்க போட்டோ எடுத்துக்குது. எடுக்கட்டும். அந்தக் கோழிக் கதை தெரியாத புள்ளை இந்தத் தேசத்துல உண்டா?

நல்லாத்தான் வச்சிருக்கீங்க வீட்டை, குறையே சொல்ல மாட்டேன். சமையக்கட்டுல செம்புப் பாத்திரமா அடுக்கி வச்சிருக்கீங்க, கல்யாண மண்டபம் தோத்துடும். ஒரு நெளிஞ்ச அலுமினியச் சட்டிகூட இல்லாத பண்ணை வீட்டை இன்னைக்குத்தான் பாக்கறேன். மாட்டுத் தொழுவத்துல போனா வைக்கோல் வாசனை வருது. ஆனா வைக்கோல் பிளாஸ்டிக்கு. மூலையில சின்னதா ஒரு மிஷினு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் புஸ்ஸுனு அடிக்குது. சாணி வாசனை மட்டும் கிடைக்கலை போல.

கிண்டல் பண்ணலம்மா. சரி, பண்ணினேன். வாய் அப்படிப் பழகிருச்சு, டிரைவர் வாய்.

நான் பின்தங்கி நின்னதே உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான். சமையக்கட்டை ஒட்டி அந்தச் சின்ன ரூம் இருக்குல்ல? பச்சைக் கதவு. அதுல தாழ்ப்பாளை உள்பக்கம் யாரு வச்சது?

கமிட்டியா. பேராசிரியரு ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினாரா. ஓ, கடுதாசி கிடைச்சுதா? கதவைத் தாழ் போட்டாத்தான் எனக்கு எழுத வரும்னு அவங்க கைப்பட எழுதியிருக்காங்களா. சரிதான். அதைப் படிச்சதும், தன்னைத்தானே உள்ள பூட்டிக்கிட்டு எழுதின மகான்னு முடிவு பண்ணிட்டாரு. பலகையும் எழுதி மாட்டியாச்சு. கேக்கிறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுமாம்.

கோவிச்சுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா? என் கை ரெண்டையும் விரிச்சா ரெண்டு சுவரும் இடிக்குது. மேஜை எங்க போடுவாங்க? இருட்டுல எப்படி எழுதுவாங்க? தீவன மூட்டை போட்டு வைக்கிற ரூம்மா அது. பெரிய படிப்பு படிச்சவரு, உள்ள போயி ஒரு நிமிஷம் கதவைச் சாத்திப் பாத்திருக்கலாம்ல.

தச்சரா? இல்லம்மா, பஸ் டிரைவர்னு இப்பதானே சொன்னேன். ஆனா கதவு பேசும், தெரியுமா. வெளிப்பக்கம், நம்ம இடுப்பு உசரத்துக்குக் கொஞ்சம் மேல, நாலு ஆணி ஓட்டை இருக்கு. மக்கு வச்சு அடைச்சுப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி. விரலை வச்சுத் தேச்சா நாலும் தட்டுப்படும்.

ஆமா, தொட்டேன். தொடக்கூடாதுன்னு எழுதியிருந்தது, படிச்சேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

எந்தப் பக்கம் இருந்தா என்னவா? அப்படிச் சொல்லாதீங்கம்மா. உள்பக்கம் இருந்தா உள்ள இருக்கிறவங்க நினைச்சப்ப வெளிய வரலாம். அவ்வளவு வித்தியாசம் இருக்கு.

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்தம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. கப்பல்ல வேலை. பொண்டாட்டி செத்துப்போச்சு. அஞ்சு வயசுப் பையனை வச்சுக்கிட்டு அந்தாளு என்ன பண்ணுவான்? அக்கா வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டான். பையன்னா சாதாரணப் பையன் இல்ல, வாலு மட்டும்தான் இல்ல. மசியைக் கொட்டுவான், வாத்தைக் கொண்டாந்து கட்டில்ல விடுவான், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். அந்தம்மாவுக்கோ எழுதணும். ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் கதை எழுதணும். அதனால காலையில சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணி, ரெண்டு ரொட்டி, கதவு, தாழ்ப்பாள். மத்தியானம் வரைக்கும்.

இல்லம்மா, புஸ்தகத்துல எல்லாம் இருக்காது.

கேளுங்க, அவங்க எழுதினது இந்த நாற்காலியில இல்ல, அந்த ரூம்லயும் இல்ல. கதவுக்கு வெளிய, தரையில ஒரு பலகையைப் போட்டு, முதுகைக் கதவுல சாச்சுக்கிட்டு எழுதுவாங்க. ஒரு பக்கம் முடிஞ்சா சத்தமாப் படிப்பாங்க. உள்ள அழுகை நிக்கலைன்னா பக்கத்தைக் கிழிச்சுடுவாங்க. அழுகை நின்னா அந்தப் பக்கம் தேறிடுச்சு. அப்படித்தான் எழுதினாங்க எல்லாத்தையும். அந்தப் பேராசிரியரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஆமாம்மா. நான்தான்.

அட, நீங்க ஏன் நிக்கறீங்க, உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காரலாம், என் பொறுப்பு. இது அத்தையோடது இல்ல. அத்தையோடதுக்கு மூணு காலும் ஒரு செங்கல்லும்.

கெட்டவங்க இல்லம்மா அத்தை. எனக்கு அதுதான் கஷ்டமே. எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா மடியில போட்டுக்கிட்டுக் கிடப்பாங்க. கம்பளிச் சட்டை பின்னித் தந்தாங்க. கெட்டவங்களா இருந்திருந்தா ஒரேயடியா வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இன்னைக்கும் லிஃப்டுல ஏற மாட்டேன். பஸ் வேலைக்குப் போனதே சுத்திலும் ஜன்னல் இருக்குன்னுதான். என் பொண்ணு அந்தப் புஸ்தகத்தை எல்லாம் கொண்டாந்து எனக்குப் படிச்சுக் காட்டினா, ஒரு பக்கம் கேக்கறதுக்குள்ள வெளிய போயிடுவேன். அப்பாவுக்குக் கதை பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டா. நானும் சொல்லலை.

அந்தக் கோழி இருக்கே, வெளிய சிமெண்ட்ல நிக்குதே. முதல்ல அதுக்குப் பாடத்தான் தெரியும். நான் அழுகையை நிறுத்தலை. அத்தை கிழிச்சாங்க, திரும்ப எழுதினாங்க, திரும்பக் கிழிச்சாங்க. கடைசியில உள்ளேருந்து நான்தான் கத்தினேன், அந்தக் கோழியைக் கதவைத் திறக்கச் சொல்லு அத்தைன்னு. அப்புறம் வெளிய எழுதற சத்தம் மட்டும் கேட்டுது. ஊர்ல உள்ள கதவை எல்லாம் திறந்துச்சு அந்தக் கோழி. என் கதவை மத்தியானம்தான் திறந்தாங்க.

ஒம்பது வயசுல அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. கிளம்பற அன்னைக்குக் காலையில ஸ்பூன் காம்பால திருகி இந்தத் தாழ்ப்பாளைக் கழட்டினேன். அத்தை பாத்துக்கிட்டேதான் நின்னாங்க. பையில துணிக்கு நடுவுல சொருகி விட்டதே அவங்கதான்.

இந்தாங்க. துணியை அவிழ்த்துப் பாருங்க. கொஞ்சம் துரு, எண்ணெய் போட்டா ஓடும். திருகாணி நாலுல மூணுதான் இருக்கு, ஒண்ணு அன்னைக்கே விழுந்துருச்சு. அதே நாலு ஓட்டைக்குச் சரியா வரும், வெளிப்பக்கம். பலகையில என்னவேணா எழுதிக்கட்டும் உங்க பேராசிரியரு. தாழ்ப்பாள் மட்டும் அது இருந்த பக்கமே இருக்கட்டும்.

ஏன்ம்மா கண்ணைத் துடைக்கறீங்க, விடுங்க. கோழியைப் பாத்துட்டு வீட்டுக்குக் கிளம்பறேன், நாலரை பஸ்ஸுக்கு நேரமாச்சு.

ஒண்ணே ஒண்ணு. சாயந்தரம் வீட்டைச் சாத்தும்போது அந்தக் கதவையும் தாழ் போடுவீங்கல்ல? போடறதுக்கு முன்னாடி, உள்ள யாராவது இருக்காங்களான்னு ஒருதரம் குரல் குடுத்துப் பாத்துக்கங்க.