புறமுதுகு காட்டிய டாங்கி

குராமோச்சி: ...அப்போ, டாங்கியை இழுக்கற கம்பி தானா அறுந்துச்சுங்கற?

மொமோசே: தானாத்தான்ணே. முதல்ல அந்த பார்லித் தண்ணிய முழுசா குடிங்க. ராட்சச வேஷத்தோட காலைக் கவுத்தேன்... உங்க வேர்வையில வாளி ரொம்பிடுச்சு.

குராமோச்சி: பேச்சை மாத்தாத. உன் பொம்மை டாங்கிங்க வரிசையா எம்மேல சுட்டுக்கிட்டு வருது. மூணாவது மட்டும் ஒரு பக்கக் கம்பி அறுந்து திரும்பி, விறுவிறுன்னு கேமராவுல போய் முட்டுது. டைரக்டர் என்ன சொன்னாரு?

மொமோசே: "ஜப்பான் ராணுவம் புறமுதுகு காட்டுதாடா?"ன்னாரு. செம டோஸ்!

குராமோச்சி: சிரிக்காத. அடுத்த படத்துல டாங்கி ஓட்ட வேற ஆளாம். மேக்கப்காரர் சொன்னாரு.

மொமோசே: போடட்டுமே. நம்ம டாங்கிங்க எந்தப் படத்துல ஜெயிச்சிருக்கு? வரும், சுடும், உங்க காலடியில மிதிபடும். நான் உக்காந்து ஒடுக்கு எடுக்கணும். தோக்கறது எனக்குப் பழகிப்போச்சு.

குராமோச்சி: மிதிக்காம? மிதிச்சா தரைமட்டமா மிதிப்பேன். உனக்காகப் பாவமா பார்ப்பேன்?

மொமோசே: அதான... நீங்களாவது பாவம் பார்க்கறதாவது.

குராமோச்சி: சரி, இதைப் பாரு.

மொமோசே: என்னது?

குராமோச்சி: உன் கம்பி. நீ உக்காந்திருந்த மேடைக்குக் கீழ கெடந்துச்சு. தானா அறுந்திருந்தா முனை இழுபட்டு மெலிஞ்சிருக்கும். இது குறடால வெட்டுனது.

மொமோசே: ...மெதுவா பேசுங்கண்ணே.

குராமோச்சி: எதுக்கு மெதுவா? இப்பவே டைரக்டர்கிட்ட போறேன். வெடிமருந்துப் புகை உள்ள ஏறி நான் மயங்கிட்டேன், கத்தின கத்து ரப்பர் வேஷத்தைத் தாண்டல, இவன் ஷாட்டைக் கெடுத்துத்தான் நான் பொழைச்சேன்னு...

மொமோசே: உக்காருங்க! நீங்க மயங்கினது தெரிஞ்சா, வயசாயிடுச்சுன்னு அந்த வேஷத்தை வேற ஆளுக்குத் தெச்சிடுவாங்க. அதுக்குத்தான நானே ஓடிவந்து முதுகு ஜிப்பைத் திறந்தேன்? ஒருத்தனையும் கிட்ட விடல.

குராமோச்சி: நிறுத்துங்கன்னு கத்தியிருக்கலாமேய்யா?

மொமோசே: கத்தினேன். அந்த வெடிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? லென்ஸை மறைச்சாத்தான் டைரக்டர் கட் சொல்லுவாரு.

குராமோச்சி: அதுக்காக உன் பொழப்பையா பணயம் வெப்ப?

மொமோசே: பொம்மைக் கடைக்காரன் எவனாவது சேத்துக்குவான். விடுங்க.

குராமோச்சி: விடமாட்டேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய் எம்பொண்டாட்டி கையால சோறு திங்கப்போறேன்ல... அது நீ போட்ட சோறு. உன்னை வெளிய அனுப்பிட்டு நான் எப்படி அந்த வேஷத்தை மாட்டுவேன்? வேஷத்துல காத்துக்கு ஓட்டை வைங்க, மொமோசேயை வேலையில வைங்க... இல்லன்னா நானும் வரலன்னு சொல்லிடுவேன்.

மொமோசே: அண்ணே...

குராமோச்சி: நன்றிய்யா. அழுதுடுவேன், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பு... ஆனா ஒண்ணு மட்டும் புரியல. என்னை முதுகுல கம்பி கட்டித்தான் நிறுத்தியிருந்தாங்க. மேல இருந்த பசங்க கம்பியை இழுத்து வாலை ஆட்டிக்கிட்டேதான் இருந்திருக்காங்க. வெளியில இருந்து பார்த்தா ராட்சசன் கம்பீரமா நிக்கறான். உள்ள நான் நெனவோட இல்லன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

மொமோசே: முதல் டாங்கி மேல உங்க கால் விழுந்துச்சுல்ல... சப்பையாப் போச்சு. இத்தனை படத்துல, பாரத்தையெல்லாம் மத்த கால்ல வெச்சுக்கிட்டு, என் டாங்கி மேல சும்மா தொடற மாதிரிதான் காலை வெப்பீங்க. தெரியாத மாதிரியே இருந்துட்டேன், உங்ககிட்ட ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்ல... இன்னைக்கு அது நசுங்கினதும் குறடை எடுத்துட்டேன்ணே.